மலைக்கு அந்தப் பக்கத்து வெயில்

என் சம்பந்தியம்மா இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. போனில் மணிக்கணக்காகப் பேசுவார். வீட்டுக்கு வந்தால் உட்காருவார், சிரிப்பார், தன் பையிலிருந்து சில்வர் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடிப்பார், எழுந்து போய்விடுவார். கல்யாணம் முடிந்து முதன்முதலாக வந்த அன்று ஓர் இளநீர் குடித்தார். அதை வெட்டிக் கொடுத்தது தெருவில் வந்த தள்ளுவண்டிக்காரர். ஆகவே அதை நான் உபசரித்த கணக்கில் சேர்க்க முடியாது.

அவர்கள் வந்தவாசிப் பக்கம் நயினார் குடும்பம். தமிழ்ச் சமணர்களை எங்கள் மாவட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர்கள். எங்களுடையதும் விவசாயக் குடும்பம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வாரம் எங்கள் வீட்டில் கிடையாது. என் மகளும் அவர் பையனும் சென்னையில் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள், அவர்களாகவே முடிவு செய்துவிட்டு எங்களிடம் வந்து சொன்னார்கள். இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, பிறகு ஒத்துக்கொண்டோம். இப்போது இருவரும் வீட்டிலிருந்தபடியே வேலை செய்வதால் வந்தவாசிப் பக்கம் சம்பந்தியம்மா வீட்டிலேயே இருக்கிறார்கள்.

சம்பந்தியம்மா வெங்காயம், பூண்டு, கிழங்கு, தேன் எதையும் தொட மாட்டார். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். பொழுது சாய்ந்துவிட்டால், மறுநாள் சூரியன் வரும்வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. கறி வெந்த சட்டியில் சமைத்ததை அவர் எப்படிச் சாப்பிடுவார் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்துவிட்டால் வலிக்காதா என்ன? வந்தவருக்கு ஒரு வாய் சோறு போடாமல் அனுப்பிவிட்டு, அன்று முழுக்க யார்மேலாவது எரிந்து விழுந்துகொண்டிருப்பேன். பெரும்பாலும் என் வீட்டுக்காரர்மேல்.

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபிறகு இந்த வலி இன்னும் கூடியது. பிரசவத்துக்கு அவள் என் வீட்டுக்குத்தான் வர வேண்டும், அதுதான் முறை. குழந்தை இங்கே பிறந்து, இங்கே தவழ்ந்து, பிறகு அவர்கள் ஊருக்குப் போகும். வளர்ந்து லீவுக்கு வரும்போது என் கையால் சாப்பிடுமா, இல்லை அதுவும் ஒரு சில்வர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகுமா? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஆனால் ஆபீசில் பைலைத் திறந்துவைத்துக்கொண்டு இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளித் தள்ளுபடியில் ஓர் ஓவன் வாங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நெடுநாளாகவே ஓவன்மேல் ஆசை. சம்பந்தியம்மா ஒரு நல்ல சாக்கு. எங்கள் வீட்டில் கறி படாத பாத்திரம் கிடையாது, அடுப்பே கறிக் குழம்பு பொங்கி வழிந்த அடுப்பு. இந்தப் புது ஓவனில் முட்டைகூட நுழையாது, அதற்கென்று தனியாகக் கண்ணாடிப் பாத்திரங்கள், தனிக் கத்தி, தனிக் கரண்டி என்று சட்டம் போட்டேன். ஒரு புது குக்கர் வாங்கினால் இதில் பத்தில் ஒரு பங்குதானே ஆகும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

வீடியோக்களைப் பார்த்து ஒரு முறையைக் கற்றுக்கொண்டேன். வெளிநாட்டில் கேசரோல் என்கிறார்கள். நமக்குக் கேசரோல் என்றால் சப்பாத்தி வைக்கிற ஹாட்பாக்ஸ். அவர்களுக்கு, எல்லாவற்றையும் பச்சையாக ஒரே பாத்திரத்தில் அடுக்கி ஓவனில் வேகவைத்து, அதே பாத்திரத்தோடு மேசையில் வைப்பது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது, அடுப்பையே பற்றவைக்க வேண்டாமே. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றைச் செய்து பார்த்தேன். வாழைக்காயை வட்டம் வட்டமாக நறுக்கி, தேங்காய்ப்பால், மிளகு, கறிவேப்பிலை போட்டு ஓர் அடுக்கு. சீரகச் சம்பா அரிசியில் தக்காளியும் அவரைக்காயும் நெய்யும் சேர்த்து ஒரு சாதம். சேமியாவில் பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் முந்திரியும் போட்டு ஓர் இனிப்பு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அழகாக வெந்து, மேலே பொன்னிறமாக வந்தது. கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளை என் வீட்டுக்காரர் முனகாமல் தாங்கிக்கொண்டார் என்று எழுதினால் அது பொய்.

மார்கழி பிறந்த சமயத்தில் மகள் போன் செய்தாள். எங்கள் ஊர் திருவண்ணாமலையில் அவளுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும், அத்தையும் கூட வருகிறார் என்றாள்.

"சாயந்திரம் நம்ம வீட்ல சாப்பிட்டுட்டுப் போலாம்னு கேட்டேம்மா. சரின்னுட்டாங்க. பொழுதோட சாப்பிடணும், அவ்ளோதான். நீ பாத்துக்கோ."

கடைசி வார்த்தையில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கு மட்டும்தான் இந்த வலி என்று நினைத்திருந்தேன். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் அவள் இரண்டு வருடமாக அதையே சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். போனை வைத்தபிறகு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தேங்காய் எத்தனை வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

நாள்காட்டியில் அன்றைய அஸ்தமன நேரத்தைப் பார்த்துவைத்தேன். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இலை போட்டுவிட வேண்டும் என்பது என் திட்டம். மூன்று பாத்திரத்தையும் சேர்த்து வைத்தால் ஒன்றாக வெந்துவிடும், எல்லாம் சூடாக மேசைக்கு வரும். ஒன்று வேக ஒரு மணி நேரம் என்றால் மூன்றும் வேக ஒரு மணி நேரம்தானே? எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். நாங்கள் இருக்கிற வேங்கிக்காலிலிருந்து பெரிய கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் ஒருவர் உட்கார்ந்தாலும் ஐம்பது பேர் உட்கார்ந்தாலும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேரும் என்றார் அவர். எனக்கும் அது சரி என்றே பட்டது. ஐம்பது பேர் ஏறிய பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று நின்றுதான் போகும் என்பது அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அன்று லீவு போட்டேன். புது வெள்ளைத் துணியில் தண்ணீரை வடிகட்டிப் புதுக் குடத்தில் நிரப்பினேன். மதியத்துக்குமேல் மூன்று பாத்திரத்தையும் ஓவனுக்குள் ஏற்றினேன். மேல் கம்பித்தட்டில் வாழைக்காய், கீழ்த்தட்டில் சாதமும் சேமியாவும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. கதவை மூட ஓர் அழுத்து அழுத்த வேண்டியிருந்தது.

அவர்கள் வந்துசேர்ந்தபோது வீட்டில் நெய் வாசனை வந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளை ஸ்கேன் படத்தைக் காட்டினார். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். சம்பந்தியம்மா சோபாவில் உட்கார்ந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். என் புதுக் குடம் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தது. பரவாயில்லை, சாப்பாடு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் ஆனது. ஓவனைத் திறந்தேன். வாழைக்காயின் ஓரமெல்லாம் கருகத் தொடங்கியிருந்தது, நடுவில் குத்திப் பார்த்தால் கத்தி இறங்கவில்லை. சாதப் பாத்திரத்தில் அரிசி தண்ணீரில் நீச்சலடித்துக்கொண்டிருந்தது. சேமியாவைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது, பாலில் ஆடைகூடக் கட்டவில்லை. அடித்தட்டை மேலே மாற்றினேன், மேல்தட்டைக் கீழே மாற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்து பார்த்தேன். திறக்கத் திறக்க உள்ளே இருக்கிற சூடெல்லாம் என் முகத்துக்குத்தான் வந்தது. மகள் சமையலறைக்குள் வந்து எட்டிப் பார்த்தாள், என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் சேமியாவை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். இரண்டுக்கும் இடம் கிடைத்ததும் ஓவன் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. சாதம் தண்ணீரை இழுத்தது. வாழைக்காய் இளகியது. கடிகாரத்தைப் பார்த்தேன். அஸ்தமனத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரத்துக்குமேல் இருந்தது. தப்பித்தோம் என்று சேமியாவை மறுபடி உள்ளே தள்ளி மூடிவிட்டு, மற்ற இரண்டையும் மேசைக்குக் கொண்டுபோனேன். கூடத்தில் லைட் போட்டிருந்தார்கள்.

ஏன் லைட் போட்டீர்கள் என்று கேட்டேன். இருட்டிவிட்டதே என்றார் என் வீட்டுக்காரர். ஜன்னலைப் பார்த்தேன். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது.

இதே வீட்டில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். மார்கழியில் சாயங்காலம் துணி காயாது, சீக்கிரமே மலை நிழல் விழுந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனால் இலை போடுகிற நேரத்தை நாள்காட்டியைப் பார்த்துக் குறித்தேன். நாள்காட்டி அச்சடித்தவருக்கு என் வீட்டுக்கு நேரே ஒரு மலை நிற்பது எப்படித் தெரியும்?

மாப்பிள்ளை போனை எடுத்து அம்மாவிடம் காட்டினார். அஸ்தமனத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, மலை மறைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். சம்பந்தியம்மா போனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தியம்மா. எங்க ஊர்ல மலை கெடையாது, கடைசி வரைக்கும் சூரியன் தெரியும். கண்ணால பாத்துட்டு சாப்புட்டே பழகிட்டேன். தெரியலைன்னா கை சோத்துல போவ மாட்டேங்குது. நீங்கள்லாம் சாப்புடுங்க, எனக்குப் பசியே இல்ல."

அவர் முகத்தில் பிடிவாதம் எதுவும் இல்லை. சங்கடம்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஜாஸ்தியாக வலித்தது. பிடிவாதமாக இருந்தால் நானும் பதிலுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். மகள் மேசைக்குப் பக்கத்தில் கையில் தட்டோடு நின்றாள், அவள் கண் நிறைந்துவிட்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஓவன்மேல் இல்லை, சம்பந்தியம்மாமேலும் இல்லை. மலைமேல் வந்தது. ஊர் ஊராக வந்து உன்னைச் சுற்றுகிறார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்காகக் கொஞ்சம் தள்ளி நிற்கக் கூடாதா என்று அண்ணாமலையாரையே மனதுக்குள் திட்டினேன்.

திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது. நான் பிறந்து வளர்ந்தது அடி அண்ணாமலையில், மலைக்கு அந்தப் பக்கம். அங்கே காலை வெயில்தான் தாமதமாக வரும். சாயங்கால வெயில் போகவே போகாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து இருட்டுகிறவரை விளையாடு என்று எங்கள் அம்மா சொன்னால் அது எங்களுக்கு வெகுநேரம்.

"வண்டிய எடுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். எங்கே என்றார். "எங்க தம்பி நெலத்துக்கு. அங்க இன்னும் வெயில் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா மட்டும் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

சாதப் பாத்திரத்தைப் பழைய போர்வையில் சுற்றி மாப்பிள்ளை மடியில் வைத்துக்கொண்டார். வாழைக்காய் என் மடியில். இரண்டு துண்டு மடித்துப் போட்டும் தொடை சுட்டது. வடிகட்டிய தண்ணீரை ஒரு புது டப்பாவில் ஊற்றி மகள் எடுத்துக்கொண்டாள். ஓவனை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், யாரோ நிறுத்தினார்கள். வழியில் தம்பிக்குப் போன் போட்டு, ஐந்து இலை வெட்டி பம்புசெட்டில் வை, ஏன் என்று கேட்காதே என்றேன். அவன் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே என் குரலில் எப்போது கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

பௌர்ணமி இல்லை, ரோடு காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் வெறுங்காலோடு கிரிவலம் வருகிறவர்கள் கொஞ்சம் பேர் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். மலையை வலமாகச் சுற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் வர, நாங்கள் மட்டும் எதிர்ப்பக்கமாகப் போனோம். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. கொஞ்ச நேரம் முன்னால்தான் திட்டியிருந்தேன், இப்போது இது வேறு. திரும்பிப் போகும்போது முழுதாகச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எல்லோரும் இடதுபக்கம் மலையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஒரு வளைவு திரும்பியதும் வெயில் வண்டிக்குள் வந்து விழுந்தது. மடியிலிருந்த கண்ணாடிப் பாத்திரம் பளபளத்தது. என் வீட்டுக்காரர் கண் கூசி முன்னாலிருந்த தடுப்பை இழுத்துவிட்டார். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

தம்பி நிலத்தில் சூரியன் ஒரு பனை உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. பம்புசெட்டுத் தொட்டிக்குப் பக்கத்துச் சிமெண்டுத் தளத்தில் இலையைக் கழுவி வைத்துவிட்டு அவன் தள்ளி நின்றான். சம்பந்தியம்மா கைகால் கழுவிக்கொண்டு மேற்குப் பார்த்து உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். வாழைக்காயின் மேல்பக்கம் ஓரமெல்லாம் கருப்பாக இருந்தது, வெளிச்சத்தில் இன்னும் கருப்பாகத் தெரிந்தது. கருகிவிட்டது, அதை எடுத்துவிடுகிறேன் என்று குனிந்தேன்.

"இருக்கட்டும் வைங்க" என்று சொல்லிவிட்டு, அந்தக் கருகிய துண்டையே முதலில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் எதிரே நின்றபடி அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் சாப்பிடுவதை அப்படிப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பார்த்தேன். சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டார், இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். மகள் டப்பாவிலிருந்து ஊற்றிய தண்ணீரைக் குடித்தார். அவருடைய பாட்டில் வண்டியிலேயே இருந்தது. பிறகு இலையைப் பார்த்தபடியே பேசினார்.

"இத்தினி நாளா உங்க வீட்ல சாப்புடலைன்னு உங்களுக்கு வருத்தம் இருக்கும். தனியா பாத்திரம் இருக்கான்னு கேட்டா, உங்கள கம்மியா நெனைக்கறேன்னு ஆயிடுமோன்னு பயம். அதான் கேக்கவே இல்ல."

நானும்தான் ஒரு தடவைகூட அவரைக் கேட்கவில்லை. உங்களுக்கு எப்படிச் சமைத்தால் சாப்பிடுவீர்கள் என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதைக் கேட்பதற்குப் பதிலாக ஓர் ஓவனை வாங்கினேன். இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா என்று மட்டும் கேட்டேன். போதும் என்று இலைமேல் கையை வைத்து மறைத்தார்.

சூரியன் வரப்பைத் தொடுவதற்கு முன்னால் இலையை மடித்துவிட்டுக் கை கழுவினார். நாங்கள் அதன்பிறகு உட்கார்ந்து சாப்பிட்டோம். நடுவில் இருந்த வாழைக்காய் இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார், அவர் வாழ்க்கையில் எனக்குச் செய்த பெரிய உபகாரங்களில் அது ஒன்று.

இலைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது சம்பந்தியம்மா என் பக்கத்தில் வந்தார். ஓவனில் இன்னொன்று வைத்தீர்களே, அது என்ன என்று கேட்டார். சேமியா இனிப்பு, வேகவில்லை, வீணாகப் போய்விட்டது என்றேன்.

"ராத்திரி வெச்சது எனக்கு ஆவாது. காலைல புதுசா செய்ங்க. அது மட்டும் தனியா வைங்க, மூணையும் சேத்துத் திணிக்காதீங்க."

பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, இன்றைக்கு ஊருக்குப் போக வேண்டாம், இங்கேயே தங்கிவிட்டுப் போகலாம் என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன்.

"உங்க வீட்ல காலைல வெயில் எப்ப வரும்?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"எங்க வீட்டுக்குக் கெழக்கால மலையே இல்லீங்க. சூரியன் வந்ததும் நேரா சமையக்கட்டுக்குத்தான் வரும்" என்றேன்.